பொட்டு வைக்காத கண்ணாடி

நாலாயிரத்து எழுநூற்று அறுபது. கண்ணாடியக்கா கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியவள் இல்லை அவள். சம்பளத்துக்கு முன்னால் முன்பணம் என்று வாய் திறந்ததில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை குறைந்தால் பக்கத்து வீட்டில் கேட்காமல் நடந்தே போய்விடுகிற ரகம். ஆனாலும் கம்பெனி கொடுத்த போனைத் திறந்தால் மேல் மூலையில் அந்த எண் சிவப்பாக உட்கார்ந்திருந்தது, பழுத்த கொப்புளம் மாதிரி.

"கடன் வாங்காமலே கடன்காரி ஆனவ உலகத்துலயே நீ ஒருத்திதான்," என்றார் அவள் வீட்டுக்காரர். அவர் பெயின்டர். மழை பிடித்துக்கொண்டதில் வேலையில்லாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து காய்ந்துபோன பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சிரிங்க. ஐயாயிரத்தைத் தொட்டா ஆளை மாத்திடுவாங்களாம். அப்புறம் ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து சேர்ந்தே சிரிக்கலாம்."

"அப்படி என்னதான் தப்பாப் போகுது? போனைக் காட்டு, தொடு, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றாள் அவள். "சாப்பாடு வாயில போட்டா முடிஞ்சதுன்னு சொல்ற மாதிரி."

அவள் வேலை பார்க்கிற கட்டடம் பன்னிரண்டு மாடி. அதைப் பெருக்கித் துடைத்துக் கழுவுகிற பொறுப்பைக் கம்பெனி எடுத்திருந்தது. கீழ் ஆறு மாடியில் கண்ணாடி என்று எது இருந்தாலும் அவளுடையது. வாசல் கதவு, லிஃப்டுக்குள் இருப்பது, கழிவறைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் நீளக் கண்ணாடி, பெரியவர்கள் கூடிப் பேசும் அறைகளின் கண்ணாடிச் சுவர், எல்லாம். வாளி, சோப்புத் தண்ணீர், ரப்பர் வைப்பர், இரண்டு துணி, ஒரு ஸ்டூல். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்து வருவாள். நடுவில் கையை எடுத்தால் கோடு விழும், விழுந்த கோட்டை வெயில் காட்டிக் கொடுக்கும். வெயில் அவளுக்கு எதிரி மாதிரி. வருஷக்கணக்கில் அதையே செய்ததில், பெற்றவர்கள் வைத்த பேரை எல்லோரும் மறந்து கண்ணாடியக்கா என்பதே நிலைத்துவிட்டது.

முன்பெல்லாம் சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்து, "சரிக்கா" என்பார். முடிந்தது. இப்போது போன்தான் பார்த்தது. ஒரு கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் அதன் எதிரே போனைப் பிடிக்க வேண்டும். திரையில் கண்ணாடி தெரியும் இடத்தை விரலால் தொட வேண்டும். தொட்ட இடத்தில் ஒரு மஞ்சள் கட்டம் வரும். கட்டத்துக்குள் இருப்பது தெளியும். தெளிந்த கையோடு போன் தானே படம் எடுத்துக்கொள்ளும். படம் எடுக்கத் தனியாகப் பொத்தான் இல்லை. வயசானவர்களுக்கு இரண்டு வேலை வேண்டாம், தொட்டாலே போதும் என்று கம்பெனி அப்படி வைத்துக் கொடுத்திருந்தது. படம் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும். தெளிவாக இருந்தால் பச்சை. மங்கலாக இருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் வேலையே நடக்கவில்லை என்று கணக்கு. படத்துக்கு இருபது அபராதம்.

தரை துடைக்கிறவர்களுக்கு இதில் தொல்லை இல்லை. தரைக்குக் கோடு உண்டு, குழாய்க்கு விளிம்பு உண்டு, மேசைக்கு மரத்தின் ரேகை உண்டு. தொட்டவுடன் கட்டம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். சுத்தமான கண்ணாடியில் பிடிக்க என்ன இருக்கிறது? திரை முழுக்கக் கண்ணாடி மட்டும்தான் தெரிய வேண்டும், விளிம்போ சுவரோ ஆளோ வரக்கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் அவள் ஓரமாக ஒதுங்கி நின்று, போனைச் சாய்த்து நீட்டுவாள். எதிர்ச் சுவர் வெள்ளை, அதனால் கண்ணாடிக்குள்ளும் வெள்ளை. தேய்ந்து வழுக்கலான விரலால் இரண்டு மூன்று தடவை தொட்டால்தான் போனுக்கு அவள் தொட்டதே உறைக்கும். பிறகு கட்டம் வரும். முன்னால் ஓடும், பின்னால் ஓடும், தாயைத் தவறவிட்ட கன்று மாதிரி தவிக்கும், கடைசியில் சலித்துப்போய் எதையோ எடுத்துத் தொலைக்கும். பாலைக் கொட்டியது போல ஒரு படம். சிவப்பு.

கண்ணாடி எவ்வளவு சுத்தமோ, படம் அவ்வளவு மோசம். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

ஆனால் மேல் ஆறு மாடியில் எல்லோருக்கும் பச்சை. அங்கே கழிவறைகளையும் அவற்றின் கண்ணாடிகளையும் கழுவுகிற குழாய்க்காரிக்குப் பாக்கி சுழி. குழாய்க்காரி என்று பேர் வந்தது அவள் குழாய் தேய்ப்பதால் மட்டும் இல்லை, திறந்தால் நிற்காத வாயாலும்தான். ஒரு நாள் அவளே கண்ணாடியக்காவின் கையைப் பிடித்து ஏழாம் மாடிக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, உனக்குப் பொழைக்கத் தெரியல. இங்க பாரு."

சோப்பில் விரலை முக்கினாள். துடைத்து முடித்த கண்ணாடியில், மார்பு உயரத்தில், ஒரு பொட்டு வைத்தாள். ஊதினாள். வெள்ளையாகக் காய்ந்து நின்றது. போனைப் பிடித்துத் திரையில் அந்தப் பொட்டைத் தொட்டாள். மஞ்சள் கட்டம் எலி கண்ட பூனை மாதிரி பாய்ந்து பிடித்தது. க்ளிக். பச்சை.

"திருஷ்டிப் பொட்டுன்னு வெச்சுக்கயேன். இவ்வளவு அழகா இருக்கிற கண்ணாடிக்குக் கண்ணு பட்டுடும்ல."

"படம் எடுத்ததும் அழிச்சிடுவியா?"

"எதுக்கு? பொட்டை மட்டும் தொடைச்சா மேகம் மாதிரி பரவும். திரும்ப முழுசையும் இழுக்கணும். அதுக்குள்ள அடுத்த படத்துக்கு நேரம் தாண்டிடும், அது ஒரு சிவப்பு. மேல எல்லாரும் இப்படித்தான். ஒரு ஈ உக்காந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"நீ பாத்தா என்ன?"

"தொடைச்ச கண்ணாடில நானே அழுக்கு வெச்சு, அந்த அழுக்கைப் படம் புடிச்சு, சுத்தமா இருக்குன்னு அனுப்பணுமா? குளிச்சு முடிச்சு சேத்தைப் பூசிக்கிட்டு வர்ற கதையால்ல இருக்கு."

"அதுக்குத்தானே சம்பளம் குடுக்கிறான்."

"கண்ணாடி தொடைக்கக் குடுக்கிறான். பொட்டு வெக்க இல்ல."

குழாய்க்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரோஷத்துக்கு விலை போட்டு போன்லயே காட்டுறான் பாரு. நாலாயிரத்து எழுநூத்தி அறுபது. எனக்குக் கட்டுப்படி ஆகாதுக்கா."

மறுநாள் காலை மூன்றாம் மாடிக் கழிவறைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கண்ணாடியக்கா ஒதுங்கி நிற்கவில்லை. நேர் எதிரே போய் நின்றாள். தூக்கம் பத்தாத கண், நெற்றியில் ஒட்டிய முடி, உதட்டோரம் ஒரு முறைப்பு. பரவாயில்லை. போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, திரையில் தன் முகத்தைத் தொட்டாள். கட்டம் அவள் மூக்கைப் பிடித்து நின்றது. ஓடவில்லை, தவிக்கவில்லை. க்ளிக். பச்சை.

அதற்குப் பிறகு லிஃப்ட். அதற்குப் பிறகு நாலாம் மாடி. பத்துக் கண்ணாடிக்குப் பத்து முகம், பத்தும் பச்சை. போகப் போக முறைப்பு கூடிக்கொண்டே போனது.

மதியத்துக்கு மேல் சூப்பர்வைசர் வந்தார். எப்போதும் மாடிப்படி ஏறும்போதே விசிலடித்துக்கொண்டு வருவார். அதனால் வேலைக்காரர்கள் அவரை விசில் என்பார்கள். அன்றைக்கு விசில் இல்லை.

"என்னக்கா இது? கம்பெனிக்குப் பொண்ணு பாக்கப் படமா அனுப்புறீங்க?"

"கண்ணாடி முன்னாடி நின்னா ஆள் தெரியாம பேயா தெரியும்? ஆள் தெரியுதுன்னா சுத்தமா இருக்குன்னு அர்த்தம் தம்பி. அழுக்குக் கண்ணாடில இந்த மூஞ்சி இவ்வளவு நல்லா விழுமா?"

"இவ்வளவு கோவமா விழுந்திருக்கே, அதைச் சொல்லுங்க." விசில் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "எனக்குப் புரியுதுக்கா. கண்ணாடிக்கு இந்தப் போன் ஒத்து வரலன்னு நானும் மேல சொன்னேன். கேக்கல. ஆள் வரக்கூடாதுன்னா வரக்கூடாதுன்னுட்டாங்க. பத்தையும் சிவப்பாக்கிட்டாங்க."

அவள் போனைப் பார்த்தாள். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

"இன்னும் ரெண்டே படம். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. ஒரு பொட்டு வெச்சுத் தொலைங்களேன்."

"ஓ. உனக்கும் தெரியுமா பொட்டு?"

விசில் கூரையில் எரிந்த விளக்கை எண்ணுகிறவர் போல மேலே பார்த்தார். "எனக்கு என்ன தெரியும். நான் ஒண்ணையும் பாக்கல," என்று படியிறங்கினார். பாதிப் படியில் விசில் ஆரம்பித்தது. இரண்டு அடி கேட்டு நின்றுவிட்டது.

அந்தப் பொட்டு அன்றைக்கே ஊர் சிரிக்க வெளிவந்தது. பத்தாம் மாடியில் இருக்கும் பெரிய அதிகாரி ஒரு கூட்டத்துக்குப் போகும் முன் கைகழுவ வந்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால் சட்டையில், நெஞ்சுப் பக்கம், வெள்ளையாக ஒரு கறை. தட்டிப் பார்த்தார், போகவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், சட்டை நனைந்தது; கறை அசையவில்லை. நனைந்த சட்டையோடு பதினொன்றாம் மாடிக்குப் போய் அங்கே பார்த்தால், அதே கறை அதே இடத்தில். நிழல் மாதிரி கூடவே வருகிறது. கூட்டம் முடிந்து ஒரு பெண் உதவியாளர்தான் மெல்லச் சொன்னாளாம், "சார், சட்டையில ஒண்ணும் இல்ல. கண்ணாடியில இருக்கு."

மனிதர் மாடி மாடியாக இறங்கிப் பார்த்தார். ஏழாம் மாடி வரைக்கும் கண்ணாடிக்குக் கண்ணாடி பொட்டு. ஆறாம் மாடியிலிருந்து கீழே ஒன்றுகூட இல்லை.

மூன்று மணிக்குக் கண்ணாடியக்காவுக்கு ஆள் வந்தது. கம்பெனி மேனேஜர் நேரிலேயே வந்து, தரைக்குக் கீழே மோட்டார் அறையை ஒட்டி இருந்த கம்பெனி அறையில் உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்து ஜலதோஷத்தில் இருந்தார். மேசை மேல் கையுறைப் பெட்டிகள், பினாயில் கேன், அவருடைய பெரிய திரை போன். விசில் சுவரோரம் நின்றார்.

"உக்காருங்கம்மா."

"நிக்கிறேன் சார். உக்காந்தா எழுந்திருக்க முட்டி ஒத்துக்காது."

"உங்க கண்ணாடிலதான் கறை இல்லன்னு கட்டடத்துக்காரங்களே சொன்னாங்க."

"கறை வெக்கலைன்னா கறை இருக்காது சார்."

மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பாக்கியும் உங்களுக்குத்தான் அதிகம். பாருங்க, நான் சுத்தி வளைக்க விரும்பல. கட்டடத்துக்காரங்க கோவமா இருக்காங்க. யாரையாவது அனுப்பிட்டோம்னு நான் காட்டியாகணும். இந்தப் பொட்டு யோசனையை யாரு முதல்ல ஆரம்பிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க. உங்க பாக்கி முழுசையும் நான் அழிச்சிடுறேன். இப்பவே, உங்க கண்ணு முன்னாடி."

மோட்டார் ஒரு தரம் உறுமி நின்றது. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஒரு பேரின் விலை. வாயைத் திறந்தால் போதும். அதுவும் உண்மையைத்தான் சொல்லப் போகிறாள், பொய் இல்லை. குழாய்க்காரிக்கு மூன்று பிள்ளைகள், கிடைப்பதைக் குடிக்கும் சூதுக்கும் விடுகிற ஒரு புருஷன். கண்ணாடியக்காவுக்கு இந்த மாச வாடகை.

"யோசனை இந்தப் போனோடது சார்," என்றாள். "அழுக்கு இருந்தாத்தான் பச்சை காட்டுவேன்னு அதுதான் அடம் புடிச்சுது. பாவம், அது கேட்டதை இவங்க குடுத்தாங்க."

"போனை நான் வேலையை விட்டு அனுப்ப முடியாதும்மா."

"அப்போ யாரையும் அனுப்பாதீங்க."

மேனேஜர் மறுபடி மூக்கைத் துடைத்தார். கெட்ட மனுஷனாகத் தெரியவில்லை. அவருக்கும் மேலே யாரோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. "நாளைக்குக் காலைல வரைக்கும் யோசிங்க. வாசல் கதவு ரெண்டும் படம் எடுக்கணும்ல, அது சிவப்பானா ஐயாயிரம். அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது."

வெளியே படிக்கட்டின் அடியில் குழாய்க்காரி நின்றுகொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. திறந்தால் நிற்காத வாய் திறக்காமல் நின்றதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"என்னடி, ஊமையாயிட்டே?"

"சொல்லிட்டியாக்கா?"

"எதை?"

குழாய்க்காரி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்க்காதது போல் கண்ணாடியக்கா வாளியை எடுத்துக்கொண்டாள். "அழாதே. அப்புறம் அதையும் நான்தான் தொடைக்கணும்."

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரர் பிரஷ்ஷைப் பிழிந்து நீளமாக நீவினார்.

"சொல்லிடுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாடகை சொல்லும்."

"வீட்டு ஓனருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவளுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

"சரி, ரெண்டும் இல்லன்னா பொட்டு வெச்சிடு. வாசல் கதவுக்கு மட்டும். ரெண்டே ரெண்டு பொட்டு."

"நீங்க சுவத்துக்கு வெள்ளை அடிச்சு முடிச்சிட்டு, அடிச்சிருக்கேன்னு தெரியணும்னு ஒரு கரி பூசுவீங்களா?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "மாட்டேன்," என்றார். "ஆனா எனக்கு யாரும் போன் குடுக்கல, அதனால அப்படிச் சொல்றேன்."

காலையில் மழை விட்டிருந்தது. இரவெல்லாம் அடித்த சாரலில் வாசல் கதவு இரண்டும் ஆளுயரத்துக்குச் சேறு தெறித்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் நின்றன. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற அழுக்கு இல்லை அது. ஒன்பது மணிக்குப் பெரியவர்கள் வரத் தொடங்குவார்கள்; எட்டேகாலுக்குள் முடிக்க வேண்டிய வேலை.

கண்ணாடியக்கா ஸ்டூலைக் கதவுக்கு நேரே போட்டாள். வாளியை வலப்பக்கம் வைத்தாள், வைப்பரைக் கையில் எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

விசில் வந்து பார்த்தபோது அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"அக்கா, முட்டி வலியா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. மேனேஜர் சாரை வரச் சொல்லு. என் பாக்கியைச் சுழி ஆக்கட்டும், துணியைத் தொடுறேன்."

"விளையாடாதீங்க. மணி எட்டு தாண்டிடுச்சு."

"எனக்குத் தெரியும். படம் எடுக்க நேரம் போட்டு வெச்சிருக்கீங்கல்ல, அதையே பாத்துப் பாத்து மணி நல்லாத் தெரியும்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கக்கா."

"தூக்கட்டும். இன்னைக்குக் கதவை யாரு இழுப்பா? நீயா? வைப்பரை எந்தப் பக்கம் புடிக்கணும்னு சொல்லு பாப்போம்."

விசில் வைப்பரைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், பிறகு மேனேஜருக்குப் போன் செய்யப் போனார்.

குழாய்க்காரி கீழே இறங்கி வந்தது அப்போதுதான். கையில் தன் வாளி. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன்டி உக்காந்தே? உனக்குப் பாக்கியே இல்லையே."

"சும்மாத்தான். கால் வலிக்குது." பிறகு வழக்கமான வாய் திறந்துகொண்டது. "என் பேரைச் சொல்லாம நீ தெருவுல நின்னா, என் சோறு தொண்டையில இறங்குமா? சார் வரட்டும். நான்தான் வெச்சேன், நாங்க எல்லாரும்தான் வெச்சோம், வெக்கச் சொன்னது உங்க பச்சைன்னு நானே சொல்றேன். அனுப்பினா மேல ஆறு மாடியையும் சேத்து அனுப்பட்டும்."

மேலேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து படியில் நின்றார்கள். உட்காரவில்லை, போகவும் இல்லை. நாலாமவள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு என்ன கஷ்டமோ.

மேனேஜர் எட்டரைக்கு வந்தார். தும்மிக்கொண்டே வந்தார். சேறு படிந்த கதவைத் தள்ளி உள்ளே வந்ததில் கையெல்லாம் ஈரம். குழாய்க்காரி சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. தும்மல் விட்டால்தானே சொல்ல.

"பொட்டுக் கதை முடிஞ்சுதும்மா," என்றார். "ராத்திரியே பேசிட்டேன். கண்ணாடிக்குப் படம் வேண்டாம்னு முடிவாயிடுச்சு. பொட்டு இருந்தா அவங்க திட்டுறாங்க, பொட்டு இல்லன்னா படம் விழல. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படி? இன்னையிலேந்து தம்பி பழையபடி கண்ணால பாத்துப்பார். யாரையும் அனுப்பல. போதுமா? எழுந்திருங்க."

"என் பாக்கி?"

"அது பழைய கணக்கு. இனிமே ஏறாது."

"இனிமே ஏறாது. இதுவரைக்கும் ஏறினது?"

"மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா…"

"சார், படம் எடுக்க முடியாத கண்ணாடின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு நான் கட்டணும்?"

வெளியே ஒரு கார் வந்து நின்றது. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "சரி. பாதி. பாதியை அழிச்சிடுறேன், பாதியை நீங்க கட்டுங்க. என்னால முடிஞ்சது அதுதான்."

"பாதின்னா என்ன கணக்கு? பாதிக் கண்ணாடி அழுக்கா இருந்துச்சா?"

"அம்மா, எல்லாமே கம்பெனி தப்புன்னு எழுத முடியாது. உங்க படத்துல சிலது…" அவர் போனைத் திறந்து விரலால் தள்ளினார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பிறகு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "இது என்ன?"

ஒரு கால். செருப்பும் கட்டைவிரலும் ரேகை எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருந்தன. கண்ணாடிக்கு விழாத தெளிவு காலுக்கு விழுந்திருந்தது. குழாய்க்காரி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடியக்கா உற்றுப் பார்த்தாள். அவளுடைய கால்தான். போனைக் கையில் மாற்றும்போது விரல் பட்டிருக்க வேண்டும். தொட்டால் படம் என்று வைத்தால் படாமல் இருக்குமா. "என் கால்தான்," என்றாள். "இந்த மாதிரி எத்தனை இருக்கு?"

மேனேஜர் எண்ணினார். காலும் வாளியும் கூரை விளக்கும் சேர்த்து ஒன்பது.

"ஒன்பது படத்துக்கு நூத்தி எண்பது. அது என் தப்பு, கட்டுறேன், இப்பவே கட்டுறேன். கண்ணாடிக்கு ஒரு காசு கட்ட மாட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று உருவங்கள் கலங்கலாகத் தெரிந்தன. உள்ளே வரலாமா, சேற்றைத் தொடலாமா என்று நின்றன. மேனேஜர் அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். ஒரு ஓரமாகப் போய் யாரிடமோ பேசினார். முதலில் "சார் சார்" என்று கேட்டது. பிறகு அவர் குரல் உயர்ந்தது. "அப்ப நீங்களே வந்து தொடைங்க," என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. அதைச் சொன்னதில் அவருக்கே ஆச்சரியம் போல, திரும்பி வந்தபோது மூக்கோடு காதும் சிவந்திருந்தது.

"உங்க போனை எடுங்க," என்றார்.

எடுத்தாள். அவர் தன் திரையில் எதையோ அழுத்தினார். சிவப்பு எண் ஒரு துடி துடித்து நூற்று எண்பது ஆனது. எழுத்து அவளுக்கு இன்னும் நின்று நின்றுதான் வரும். எண் அப்படி இல்லை. ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தாள். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்திருந்த இருநூறு நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் இன்னொரு தரம் அழுத்தினார். எண் போய்ச் சுழி வந்தது. சுழிக்குச் சிவப்பு இல்லை, சாதாரணக் கறுப்பு.

"முடிஞ்சுது. எழுந்திருங்கம்மா, புண்ணியமாப் போகும். வெளியில நிக்கிறாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டினாள். "மீதி இருபது."

மேனேஜர் பையைத் தடவினார். பணப்பையைத் திறந்தார். எல்லாம் பெரிய நோட்டு. "சில்லறை இல்லையே. அப்புறம் தர்றேன்."

"அப்புறம்னா எப்ப சார்? ஒரு படக் காசு அது."

"அம்மா, இருபதுதானே."

"அதான் நானும் ஒரு வருஷமா சொன்னேன். இருபது இருபதா ஏறுதுன்னு."

விசில் முன்பக்கப் பையைத் தேடினார், பின்பக்கப் பையைத் தேடினார். கசங்கிய பத்து ஒன்று வந்தது. வாசல் காவலாளியிடம் ஓடினார். அவர் தொப்பிக்குள்ளிருந்து ஒரு ஐந்து எடுத்துக் கொடுத்தார். மீதி ஐந்தும் நாணயமாக எங்கிருந்தோ சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் அவள் உள்ளங்கையில் கொட்டினார்கள். அவள் எண்ணினாள். சுருக்குப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

பிறகு எழுந்து, வாளியோடு வெளியே போய், துணியை முக்கி, கதவின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீரை விட்டாள். சேறு கோடுகோடாக இறங்கத் தொடங்கியது.